நம்புத்தாய் வத்தையில் பொருத்திய விளக்கு

நம்புத்தாய் தன் வத்தையின் பாய்மர உச்சியில் பொருத்திய விளக்கு சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தாலும் தெரிந்தது, கண்ணை மூடிக்கொண்டாலும் தெரிந்தது என்பதை எங்கள் சிப்பிக்குடியில் யாரும் பெரிய அதிசயமாகச் சொல்லிக்கொள்வதில்லை. மழை பெய்தால் கூரை ஒழுகுவதைப் போல, வாடைக்காற்று வந்தால் மூட்டு வலிப்பதைப் போல அதுவும் எங்களுக்கு நடந்தது, அவ்வளவுதான். அந்த விளக்கைப் பொருத்துவதற்கு முன்னால் அவளுக்கு நடந்ததைத்தான் எங்களால் இன்றுவரை நம்ப முடியவில்லை.

நம்புத்தாயும் அவள் தம்பி வில்லாயுதமும் ஒரே வத்தையில் கடலுக்குப் போனவர்கள். வத்தை என்றால் இஞ்சின் இல்லாத மரப்படகு. ஒரு பாய்மரம், ஒரு பாய், மூன்று நான்கு பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். பாதி நாம் சொல்கிற பக்கம் போகும், மீதி காற்று சொல்கிற பக்கம் போகும். எங்கள் ஊரில் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் பாசி எடுக்கப் போவார்களே தவிர வலை போடப் போகிற வழக்கம் இல்லை. ஆனால் நம்புத்தாய் கட்டிப்போன இடத்தில் இருக்கப் பிடிக்காமல் திரும்பி வந்த வருஷம் வில்லாயுதத்துக்குக் கூட வர ஆள் கிடைக்கவில்லை. “நான் வர்றேன்டா, தள்ளு” என்று ஏறி உட்கார்ந்தவள் அதற்கப்புறம் இறங்கவேயில்லை. ஊர் கொஞ்ச காலம் பேசியது. அவள் ஒற்றைக் கையால் பாயை இழுத்துக் கட்டும் வேகத்தைப் பார்த்தபின் பேச்சு நின்றது.

மாசி மாதத்தில் ஒருநாள், விடிவதற்குக் கொஞ்சம் முன்னால், பெரியதுறையிலிருந்து வந்த விசைப்படகு ஒன்று அவர்கள் வத்தைமேல் ஏறியது. கரையை ஒட்டிய கடல் சின்னப் படகுகளுக்கென்று ஒதுக்கியது. விசைப்படகு அங்கே வந்து இழுவலை போடக் கூடாது என்பது சட்டம், ஆனால் மீன் அங்கேதான் இருந்தது, அதனால் அவர்களும் அங்கேதான் வந்தார்கள். தூரத்தில் இஞ்சின் சத்தம் கேட்டதுமே வில்லாயுதம் எழுந்து நின்று டார்ச் லைட்டை ஆட்டினான். பக்கவாட்டில் ஆட்டினான், மேலும் கீழும் ஆட்டினான், தொண்டை கிழியக் கத்தினான், கடைசியில் டிரைவர் நிற்கிற கண்ணாடிக்கு நேராகவே வெளிச்சத்தைப் பிடித்தான். படகு திரும்பவில்லை. நம்புத்தாயை வேறொரு வத்தையில் வந்தவர்கள் முடியைப் பிடித்துத் தூக்கினார்கள். வில்லாயுதம் பின்னொரு காலையில் பாசி எடுக்கப் போன பெண்களின் காலில் தட்டுப்பட்டான்.

பெரியதுறையில் இருந்த மீன்துறை அலுவலகத்தில் விசாரணை நடந்தது. அதிகாரி சாந்தமான மனிதர். யாரையும் உட்காரச் சொல்லித்தான் பேசுவார்.

“உங்க வத்தையில விளக்கு இருந்துச்சாம்மா?”

“என் தம்பி கையில டார்ச் லைட் இருந்துச்சு சார். ஆட்டுனான்.”

“கையில இருந்ததக் கேக்கலம்மா. படகுல. பாய்மரத்து உச்சியில, நிலையா, சுத்திலும் தெரியிற மாதிரி.”

“இல்ல.”

விசைப்படகின் முதலாளி சகாயமூர்த்தி எதிர் நாற்காலியில் இருந்தார். பெரியதுறையில் விசைப்படகு வைத்திருப்பவர்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர். “இருட்டு சார், தெரியல” என்றார். “விளக்கு இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சிருந்தா திருப்பியிருப்பான். எங்களுக்கும் மனுசன் போனது வருத்தந்தான்.” படகை ஓட்டிய டிரைவர் அடைக்கலம் அவருக்குப் பின்னால் நின்று தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டபோது அவனும் “தெரியல” என்றான்.

விபத்து என்று முடிந்தது. விளக்கில்லாத படகு, யார்மேலும் குற்றமில்லை. எல்லோரும் எழுந்தபோது அதிகாரி நம்புத்தாயிடம் கனிவாகச் சொன்னார்: “இனிமேலாவது ஒரு விளக்குப் போட்டுக்குங்கம்மா. உங்க பாதுகாப்புக்குத்தான் சொல்றேன்.”

“போடுறேன்” என்றாள் நம்புத்தாய். அந்த ஒரு சொல்லை அவள் சொன்ன விதத்தில் வாசலில் உட்கார்ந்திருந்த பியூன் எழுந்து நின்றுவிட்டார். எதற்கு எழுந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை.

உடைந்த வத்தையைச் சேர்த்துக் கட்ட பங்குனியும் சித்திரையும் போயின. அது முடிந்ததும் அவள் மைக்செட் காசிம் வீட்டுக்குப் போனாள். அம்மன் கோயில் திருவிழாவுக்கும் மாதா கோயில் கொடியேற்றத்துக்கும் தர்கா கந்தூரிக்கும் சீரியல் பல்பு கட்டுகிறவர் அவர். எங்கள் ஊரில் மின்சாரம் சம்பந்தப்பட்ட எதுவும் அவர் கை படாமல் எரிந்ததில்லை, அணைந்ததுமில்லை.

“வத்தைக்குக் கரண்டா?” என்றார் காசிம். “உப்புக்காத்துப் பட்டா வயரு பச்சை பிடிச்சுப் பொடிஞ்சு போகும் தங்கச்சி. ஒரு வருசம் தாங்காது.”

“பொடிஞ்சா மறுபடி போடுவோம். வாறீகளா, நானே பாத்துக்கிறவா?”

வந்தார். வத்தையைக் கரையில் இழுத்துப் போட்டு இரண்டு பேரும் வேலை பார்த்தார்கள், ஊரே சுற்றி நின்று பார்த்தது. யாரோ ஒரு பழைய டிராக்டர் பேட்டரியைத் தருகிறேன் என்றார்கள். வத்தை காற்றில் ஒரு பக்கமாகச் சாயும்போது அது ஆசிட்டைக் கக்கும் என்று காசிம் வேண்டாமென்றுவிட்டார். மூடி போட்டுச் சீல் வைத்த புது பேட்டரி வந்தது. கனம் முழுக்கக் கீழே இருந்தால்தான் வத்தை தடுமாறாது என்று அதைப் பாய்மரத்தின் காலடியில் இறக்கினார்கள், பழைய ஐஸ் பெட்டியை அறுத்து அதற்கு வீடு செய்தார்கள், பேட்டரிக்கும் மூச்சுவிட வேண்டும் என்று மூடியில் துளை போட்டார்கள், கவிழ்ந்தாலும் கழன்று விழாதபடி பட்டை வைத்துக் கட்டினார்கள். சோலார் தகட்டை எங்கே வைத்தாலும் பாயின் நிழல் விழுந்தது. கடைசியில் பின்பக்கத்தில் ஒரு பலகை அடித்து, வெயிலைப் பார்த்துச் சாய்த்துவைத்தார்கள்.

வயர்தான் பெரிய பாடாக இருந்தது. காற்று மாறும்போது பாயும் அதைத் தாங்குகிற கம்பும் மரத்தைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகும். வயர் வெளியே தொங்கினால் முதல் நாளே அறுந்துவிடும். அதனால் பாய்மரத்தைக் கழற்றி மணலில் கிடத்தி, உளியால் நீளத்துக்கும் ஆழமில்லாத ஒரு வாய்க்கால் எடுத்து, சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் உள்ளே படுக்கவைத்து, படகுக்கு ஓட்டை அடைக்கிற குங்கிலியத்தைக் காய்ச்சி மேலே பூசினார்கள். உளி நம்புத்தாய் கையில் இருந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு “தெரியல” என்றாள். தட்டினாள், “தெரியல.” தட்டினாள், “தெரியல.” உச்சியிலிருந்து அடிவரை அந்த மரத்துக்குள் அந்தச் சொல்லைத்தான் அவள் இறக்கினாள், அதற்குமேல்தான் வயர் படுத்தது.

பேட்டரியின் முனையில் நட்டை முடுக்கும்போது காசிம் கையை நீட்டித் தடுத்தார். “மெல்ல, தங்கச்சி. ஈயம் அது. இந்த முறுக்கு முறுக்குனா அறுந்து போகும்.”

“அறுந்து போகட்டும்.”

“அறுந்தா விளக்கு எரியாது.”

நம்புத்தாய் ஸ்பேனரை விட்டுவிட்டு மணலில் உட்கார்ந்தாள். அவள் அழுவாள் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம், சில பெண்கள் தோளைத் தொட முன்னால் நகரவும் செய்தார்கள். அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் தன் கையைப் பார்த்தாள். பிறகு ஸ்பேனரை எடுத்து அறுந்துபோகாத அளவுக்கு, ஆனால் எந்த அலைக்கும் கழலாத அளவுக்கு முடுக்கினாள், மேலே கிரீஸ் தடவினாள். கோபத்தைச் செலவழிக்காமல் வைத்துக்கொள்ள அவள் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டாள் என்று காசிம் பின்னால் சொல்வார்.

விளக்கு கட்டைவிரல் பருமன்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கேட்டாள்: “இது எம்புட்டுத் தூரம் தெரியும்ண்ணே?”

“கண்ணு உள்ளவனுக்கு ரெண்டு மைல் தெரியும்.”

“கண்ணு இருந்தும் பாக்காதவனுக்கு?”

காசிம் கையை நீட்டினார். விளக்கை வாங்கி மரத்தின் உச்சியில் பொருத்தி, சுற்றிலும் பசை வைத்து அடைத்தார். மரத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். நல்ல மத்தியானம், வெயில் கண்ணைக் கூசுகிற நேரம். அவள் சுவிட்சைப் போட்டாள்.

தெருவின் கடைசி வீட்டில் ஒரு பெண் முரல் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். எதிரே அடுப்படிச் சுவரில் கடுகளவு வெள்ளையாக ஒரு பொட்டு தெரிந்தது. சுவரில் ஓட்டை விழுந்துவிட்டது என்று விரலை வைத்து மூடினாள். பொட்டு விரலுக்கு இந்தப் பக்கம் தெரிந்தது. கண்ணை மூடினாள். இமைக்கு இந்தப் பக்கம் தெரிந்தது. முதுகைத் திருப்பிக்கொண்டாள், மறைந்துவிட்டது. மறுபடி திரும்பினாள், அதே இடத்தில் இருந்தது. மீன் கருகுகிறதே என்று அடுப்பைத் தணித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுத்தாள்: “ஏ, ஒனக்கும் தெரியுதா?” “ஆமா, நம்புத்தாய் வெளக்குப் போட்டுட்டா போல” என்று பதில் வந்தது. அவ்வளவுதான் எங்கள் ஊர் ஆச்சரியப்பட்டது.

அது பெரிய வெளிச்சமில்லை. சுவரைத் துளைத்து வந்தாலும், பனந்தோப்பைத் துளைத்து வந்தாலும், மண்ணுக்கடியில் கிணறு வெட்டுகிறவனின் கண்ணுக்கு வந்தாலும் அதே கடுகளவுதான், அதே வெள்ளைதான். வத்தை எந்தத் திசையில் இருந்ததோ அந்தத் திசைக்கு முகத்தைத் திருப்பினால் தெரியும். கொஞ்ச நாளில் அது எங்களுக்குப் பழகிப்போனது. நம்புத்தாய் கரைக்குத் திரும்புகிறாள் என்பதை விளக்கு நகர்வதைப் பார்த்து அடுப்படியிலிருந்தே தெரிந்துகொண்டு பெண்கள் கூடையை எடுத்தார்கள். பனிமூட்டத்தில் வழி தப்பிய வத்தைகள் அதைப் பார்த்துக் கரை சேர்ந்தன. பள்ளிக்கூடத்து வாத்தியார் பிள்ளைகளுக்குக் கிழக்கு மேற்கு சொல்லிக்கொடுக்க அதைப் பயன்படுத்தினார். புதிதாகக் கல்யாணமானவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு படுக்கிற பாயைக் கடலுக்கு எதிர்ப்பக்கம், மேற்கு பார்க்கத் திருப்பிப் போட்டார்கள். அம்மன் கோயில் பூசாரியும் தர்கா மோதினாரும் மாதா கோயில்பிள்ளையும் ஆளுக்கொரு நாள் கடற்கரைக்கு வந்து பார்த்துவிட்டு, இது நம்முடையதில்லை என்று திரும்பிப் போனார்கள். அது யாருடையது என்று எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது.

பிறவியிலேயே கண் தெரியாத மாரிச்செல்வம் தெருவில் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தவர். அவருக்கும் அது தெரிந்தது. நாங்கள் கூடி, எப்படி இருக்கிறது என்று ஆசையாகக் கேட்டோம். அவர் ரொம்ப நேரம் முகத்தை அந்தப் பக்கமே வைத்திருந்தார். “இம்புட்டுதானா?” என்றார். “வெளிச்சம் வெளிச்சம்னு காலமெல்லாம் நீங்க அலட்டிக்கிட்டது இதத்தானா? இத வச்சிக்கிட்டாடா அவனுக ஒரு மனுசனத் தெரியலன்னு சொன்னானுக?” 

பெரியதுறையில் கதை வேறாக இருந்தது. அங்கே யாருக்கும் அது பழகவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் சோற்றுக்கு நடுவில் தெரிந்தது, தூங்கப் படுத்தால் இமைக்குள் தெரிந்தது. கண் டாக்டரிடம் போனார்கள். அவர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, எனக்கும் இருக்கிறது என்றார். கறுப்புத் துணியில் ஜன்னல் திரை தைத்தார்கள், கட்டிலைத் திருப்பிப் போட்டார்கள், கடைகளில் கல்லாவை எதிர்ச்சுவருக்கு மாற்றினார்கள். சகாயமூர்த்தி தன் மாடி வீட்டின் கடலைப் பார்த்த பக்கம் ஒரு சுவரைக் கட்டி, அது போதாதென்று அதற்கு முன்னால் இன்னொரு சுவரைக் கட்டினார். அதற்கப்புறம் அவர் யாரைப் பார்த்தும் நேராகப் பேசுவதில்லை, எப்போதும் முகத்தைக் கொஞ்சம் கோணலாக வைத்துக்கொண்டே பேசுகிறார் என்றார்கள். விசைப்படகு டிரைவர்களோ எங்கள் கடலுக்குள் வருவதையே விட்டுவிட்டார்கள். இனிமேல் தெரியவில்லை என்று சொல்ல முடியாதே.

ஆடி மாதம் அதிகாரி ஜீப்பில் வந்தார். இந்த முறை அவர்தான் நின்றார், நம்புத்தாய் வலை பின்னிக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தாள்.

“அந்த விளக்கக் கழட்டிடுங்கம்மா. அனுமதியில்லாத விளக்கு. நிறையப் பேருக்கு இடைஞ்சலா இருக்கு.”

“எப்படி இடைஞ்சல்?”

“தெரியுதும்மா.”

நம்புத்தாய் பின்னுவதை நிறுத்தினாள். “தெரியுதா?” என்றாள். “என் தம்பி செத்தப்ப வெளக்கு இல்ல, அதான் தெரியலன்னீக. வெளக்குப் போட்டேன், இப்பத் தெரியுதுன்னு கழட்டச் சொல்றீக. எப்படிச் செத்தா ஒங்களுக்கு வசதியா இருக்கும்னு சொல்லுங்க சார், அப்படிச் சாவுறோம்.”

“கோபத்துல பேசாதீங்க.”

“கோவத்துலதான் பேசுறேன். வேற எதுல பேசச் சொல்றீக? அந்தா இருக்கு சுவிட்சு. ஒரு கொழந்தகூட அமத்தும். பாத்தேன், பாத்துக்கிட்டேதான் ஏத்துனேன்னு அந்த டிரைவர் எல்லாருக்கும் முன்னாடி வாயால சொல்லட்டும். நானே அமத்துறேன்.”

அதிகாரி போய்விட்டார். ஆனால் பெரியதுறை சும்மா இருக்கவில்லை. எங்கள் மீனை வாங்குகிற வியாபாரிகளெல்லாம் பெரியதுறைக்காரர்கள். சிப்பிக்குடி மீன் வேண்டாம் என்று நின்றுகொண்டார்கள். ஐஸ் லாரி வரவில்லை. நகரை, ஓரா மீன்களெல்லாம் கூடையோடு அழுகின, கருவாடு போட இடமில்லாமல் தெருவெல்லாம் நாறியது. அப்போதுதான் எங்களுக்கும் அந்த விளக்கு கண்ணை உறுத்த ஆரம்பித்தது. ஊர்த்தலைவர் அவளிடம் போய்க் கையைக் கூப்பினார். “போனவன் போயிட்டான் தாயி. இருக்கிறவங்க வயித்தப் பாரு.”

“பெரியதுறைக்காரங்க மாதிரி நீங்களும் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்குங்க, மாமா” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் அவள் சந்தைக்குப் போயிருந்தபோது எங்கள் ஆட்கள்தான் அதைச் செய்தார்கள். பெரியதுறைக்காரர்கள் செய்தார்கள் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது, ஆனால் எங்கள் ஆட்கள்தான். பட்டையை அறுத்து, நட்டைக் கழற்றி, பேட்டரியைத் தூக்கிக்கொண்டுபோய் ஊர்ப் பொதுக்கொட்டகையில் சாக்குக்கடியில் வைத்தார்கள். விளக்கு அணைந்தது. எல்லா விளக்கையும் போலத்தான் அதுவும் பேட்டரி இல்லாவிட்டால் அணைந்துவிட்டது. நாங்கள் சுவரைப் பார்த்தோம், வெறும் சுவராக இருந்தது. எங்களுக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாரிச்செல்வம் மட்டும் தெருவில் இறங்கி, முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் தேடிக்கொண்டு, “எவன்டா எடுத்தது? நான் பாத்தது அது ஒண்ணுதானடா, அதையுமாடா எடுப்பீக?” என்று குரல் போகிறவரை கத்திக்கொண்டிருந்தார். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டோம்.

நம்புத்தாய் சந்தையிலிருந்து வந்து வெறும் ஐஸ் பெட்டியைப் பார்த்தாள்.  தெருவில் நடந்துபோகும்போது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, உள்ளே இருக்கிறவர்களின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அவள் திட்டியிருந்தால் எங்களுக்கு நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் காலை முதல் பஸ்ஸில் டிரைவர் அடைக்கலம் வந்து இறங்கினான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். நேராக அவள் வீட்டுக்குப் போனான், நாங்களும் பின்னாலேயே போனோம்.

“வெளக்க எடுத்துட்டாங்கன்னு பெரியதுறையில எல்லாரும் சொல்றாங்க” என்றான். “இப்பத் தெரியல, நல்லாத் தூங்குறோம்கிறாங்க. எனக்கு இன்னும் தெரியுதுக்கா.”

நம்புத்தாய் கையிலிருந்த வலையைக் கீழே வைத்தாள்.

“நீங்க போடுறதுக்கு முந்தியே எனக்குத் தெரிஞ்சிச்சு. மாசி மாசத்துலேர்ந்து தெரியுது. மத்தவங்களுக்கு வெள்ளையா, அசையாம இருந்துச்சாம். எனக்கு மஞ்சளா இருக்கு. ஆடுது. இப்பிடியும் இப்பிடியும் ஆடுது, அப்புறம் மேல கீழ ஆடுது, அப்புறம்…” அவன் கையைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினான். “அப்புறம் நேரா எங் கண்ணுல அடிக்கிது.”

 நம்புத்தாய் எழுந்து அவனுக்கு எதிரே வந்து நின்றாள்.

“எங்கிட்ட எதுக்குச் சொல்றே? எனக்குத் தெரியும். நான் அங்கதான இருந்தேன். எங்க தெரியலன்னு சொன்னியோ அங்க போய்ச் சொல்லு.”

“சொன்னா இந்தக் கடல்ல எவனும் எனக்கு வேல குடுக்க மாட்டான்க்கா.”

“எந் தம்பிக்கு எந்தக் கடல்லடா வேல குடுப்பாங்க?”

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். தலையைத் தூக்காமலே கேட்டான்: “சொல்லிட்டா இது அணைஞ்சிருமா?”

“நான் ஏத்துனதுன்னா என்னால அமத்த முடியும்” என்றாள் நம்புத்தாய். “ஒனக்குத் தெரியிறது அவன் ஏத்துனது. அவன்ட்டதான் நீ கேக்கணும்.”

அவனை நடுவில் வைத்துக்கொண்டு ஊரே பெரியதுறைக்குப் போனது. மாரிச்செல்வம் காசிமின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். பேட்டரியைத் தூக்கியவர்களும் வந்தார்கள், அவர்கள்தான் எல்லோருக்கும் முன்னால் நடந்தார்கள். அலுவலகத்துக்குள் இடம் போதாமல் வாசலிலும் படியிலும் ஜன்னலிலும் நின்றோம். சகாயமூர்த்தியையும் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

“பாத்தேன் சார்” என்றான் அடைக்கலம். “தூரத்துலயே பாத்தேன். வயர்லெஸ்ல மொதலாளியக் கூப்புட்டு, முன்னாடி வத்தை ஒண்ணு நிக்கிது, லைட் அடிக்கிறாங்க, திருப்பவான்னு கேட்டேன். வலை கீழ கெடக்கு, திருப்புனா வலை போயிரும், அவனுக விலகிக்குவானுக, நேராப் போன்னாரு. நேராப் போனேன்.”

சகாயமூர்த்தி முகத்தைக் கோணலாக வைத்துக்கொண்டு, “குடிச்சிருக்கான் சார்” என்றார்.

அதிகாரி தொண்டையைச் செருமினார். “முடிஞ்சுபோன விசாரணைம்மா இது. இப்ப வந்து சொன்னா…”

“முடிஞ்சது ஒங்களுக்கு” என்றாள் நம்புத்தாய். மேஜையில் இரண்டு கைகளையும் ஊன்றினாள். உளி பிடித்துக் காய்த்துப்போன கைகள் அவை. “நான் இங்கேர்ந்து வெளிய போனா நேரா வத்தைக்குத்தான் போவேன். இன்னைக்கே பேட்டரிய வச்சிக் கட்டுவேன். அப்புறம் நீங்க எந்த ஊருக்கு மாத்தல் வாங்கிட்டுப் போனாலும் சரி, எந்தக் கட்டில்ல எந்தப் பக்கம் படுத்தாலும் சரி, நான் எங்க வல போடுறேன்னு ஒங்களுக்குத் தெரியும். நான் சாகுறவரைக்கும் தெரியும். எழுதுங்க.”

அவர் எழுதினார். 

நியாயம் முழுசாகக் கிடைத்தது என்று சொல்ல முடியாது. அடைக்கலம் ஜெயிலுக்குப் போனான். சகாயமூர்த்தியும் போனார், ஆனால் சீக்கிரமே வெளியே வந்துவிட்டார். வழக்கு இன்னும் நடக்கிறது, வாய்தாவுக்கு வாய்தா நம்புத்தாய் பஸ் ஏறிப் போகிறாள். அடைக்கலத்துக்கு அந்த மஞ்சள் வெளிச்சம் அணைந்ததா என்று யாரும் போய்க் கேட்கவில்லை. மீன் வியாபாரிகள் திரும்பி வந்தார்கள், வேறு எங்கே போவார்கள்?

அலுவலகத்திலிருந்து திரும்பிய அன்றைக்கே எங்கள் ஆட்கள் பேட்டரியைத் தோளில் தூக்கிவந்து அவள் வீட்டு வாசலில் வைத்தார்கள். அவள் நன்றி என்று சொல்லவில்லை. “கழட்டுனவங்களே மாட்டுங்க” என்றாள். அவர்களுக்கு எது கூட்டல் முனை, எது கழித்தல் முனை என்றே தெரியவில்லை. காசிம் உதவிக்குக் குனிந்தார். “நீங்க சும்மா நில்லுங்கண்ணே” என்றாள் நம்புத்தாய். காசிம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பொழுது சாயும்வரை அவர்கள் தவறாக மாட்டினார்கள், பியூஸ் போனது, மறுபடி மாட்டினார்கள், மறுபடி போனது. கடைசியில் எரிந்தபோது மாரிச்செல்வம் கயிறு முறுக்குவதை நிறுத்திவிட்டு, “ம்” என்றார்.

டிரைவர் வாயால் சொன்னால் அமர்த்துவேன் என்றாயே என்று ஊர்த்தலைவர் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார். “அது அவங்களுக்குச் சொன்னது” என்றாள். “நீங்களும் கழட்டுவீகன்னு அப்பத் தெரியாதுல்ல, மாமா.”

அந்த வருஷக் கடைசியில் வடக்கே ஒரு கரையிலிருந்து சின்ன வயசுப் பெண் ஒருத்தி பஸ்ஸில் வந்தாள். பேர் உமையாள். மடியில் ஒரு பேட்டரியை, பிள்ளையை வைத்திருப்பதைப் போல வைத்திருந்தாள். அவள் புருஷனின் வத்தைமேல் ஏறியது யார் என்று அவளுக்குத் தெரியும். ஏறினவன் தெரியவில்லை என்றுதான் சொல்லியிருந்தான். நம்புத்தாய் ஸ்பேனரையும் உளியையும் பையில் போட்டுக்கொண்டு அவளோடு அதே பஸ்ஸில் கிளம்பினாள், காசிமும் போனார்.

அந்தக் கரையில் பாய்மரத்தைக் கிடத்தி வாய்க்கால் எடுத்து முடித்தபோது, உமையாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாளாம்: “இதப் போட்டா கோவம் அடங்கிருமாக்கா?”

நம்புத்தாய் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

“எதுக்குடீ அடங்கணும்?” என்றாள். “அந்தச் செவப்பு வயர எடு.”